காரில் துப்பாக்கியோடு மாநில எல்லை தாண்டும்போது

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வழியில் வரும் மாநிலங்களைக் கடக்க 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் புறப்படும் இடம், போய்ச்சேரும் இடம் இரண்டிலும் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும்.

கிளம்பும்முன் தோட்டாக்களை அகற்றுங்கள். மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கும் கூட்டை, கழற்றினால் மட்டும் போதாது. சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் சேம்பரில் ஒன்று தங்கியிருக்கலாம். துப்பாக்கியின் மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். பிறகு துப்பாக்கி, தோட்டா இரண்டும் டிக்கிக்குள் போகட்டும். எஸ்யூவி மாதிரி தனி டிக்கி இல்லாத வண்டியா? பூட்டிய பெட்டி கட்டாயம். டேஷ்போர்டில் உள்ள கிளவ் பாக்ஸும், முன் இருக்கைகளுக்கு இடையே உள்ள நடுக் கன்சோலும் பூட்டியிருந்தாலும் செல்லாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நியூயார்க், நியூஜெர்சி வழியாகப் போனால் இரவு தங்காமல் கடந்துவிடுவதே நல்லது. விமானத்தைத் தவறவிட்டு, துப்பாக்கிப் பெட்டியோடு நியூஜெர்சி ஹோட்டலில் தங்கிய பயணி மறுநாள் நியூவர்க் விமான நிலையத்தில் கைதானார். பெட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் இச்சட்டம் அவரைக் காக்காது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கனடா எல்லையைத் தாண்டினால் இந்தச் சட்டம் எதற்கும் உதவாது.