உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்குத் துருத்தடுப்பு மெழுகு அடிக்கும் முறை

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், கதவின் அடிவிளிம்பில் மட்டும் ஒரு கொப்புளம் கிளம்பியிருக்கும். அது கண்ணில் படும் நேரத்தில் உள்ளே தகடு அரித்துப் போயிருக்கும். எங்கள் வேனின் ரன்னிங் போர்டை, அதாவது கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுக் கூட்டை, டிங்கரிங் மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தியதும் அது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. "மக்கா, வெளிய எத்தன கோட்டு அடிச்சு என்ன, உள்ள இருந்துல்லா திங்குது" என்றார். அன்றைக்குத்தான் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை இல்லாத நாளிலும் துரு வேலை செய்துகொண்டே இருக்கும். வண்டிக்கு அடியில் அடிக்கும் கறுப்பு ரப்பர் கோட்டிங் கல் பட்டு வெடித்தால், அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் புகுந்து தகட்டுக்கும் கோட்டிங்குக்கும் நடுவே தங்கிவிடும். மெழுகு காய்ந்த பிறகும் இளக்கமாகவே இருக்கும். இடுக்குகளுக்குள் தானாக ஊறிப் பரவும். ரன்னிங் போர்டு, கதவு, சேஸ் பெட்டி போன்ற உள்கூடுகளுக்கு அதுதான் சரி.

என்னென்ன வேண்டும்

மெழுகில் இரண்டு வகை உண்டு. உள்கூடுகளுக்கு நீர்த்தது, அடிப்பாகத்துக்குக் கெட்டியானது. சின்ன காரின் உள்கூடுகளுக்கு 2 லிட்டர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஏர் கம்ப்ரசர், பாட்டில் மாட்டும் ஸ்ப்ரே கன், நீளமான நைலான் குழாய், அதன் நுனியில் சுற்றிலும் பீய்ச்சும் நாசில். காற்றழுத்தம் எவ்வளவு என்று டப்பாவில் போட்டிருக்கும். பெரும்பாலும் 6 பார், அதாவது 87 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். சின்ன கம்ப்ரசரில் காற்று சீக்கிரம் இறங்கிவிடும். நிறுத்தி, டேங்க் நிறைந்த பிறகு தொடருங்கள்.

கண்ணாடி, கையுறை, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் மூன்றும் கட்டாயம். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. மெழுகில் உள்ள கரைப்பான் எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் பீடி, அடுப்பு, கிரைண்டர் எதுவும் கூடாது. வெல்டிங் வேலை இருந்தால் மெழுகு அடிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கழுவுவதும் காயவைப்பதும்

பாதி வேலை இதுதான், அவசரம் வேண்டாம். நம் குமரி மாவட்டத்தில் வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. எனவே தை, மாசிதான் நல்ல காலம். அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலோர வீடுகளில் சில போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு ஏற்றியதுபோல் ஆகும். மீன் ஏற்றும் வண்டியானால் தரைத் தகட்டின் மூலைகளை இரண்டு முறை கழுவ வேண்டும். ஐஸ் உருகி ஒழுகும் தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

பிறகு கதவுகளைத் திறந்துவைத்து, இரண்டு நாளாவது வெயிலில் காயவிடுங்கள். உள்கூடுகளுக்குள் வெறும் காற்றை அடித்துப் பாருங்கள், ஒரு சொட்டுக்கூட வெளியே தெறிக்கக் கூடாது. செதில் செதிலாக நிற்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் உதிர்த்துவிடுங்கள்.

அடிக்கும் முறை

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீர்கள். சமதரையில் ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பிரேக் டிஸ்க், டிரம், சைலன்சர், பெல்ட், வயர் கனெக்டர் எல்லாவற்றையும் பாலிதீன் சுற்றி டேப் ஒட்டுங்கள். சீட் பெல்ட் சுருளும் ஏர்பேக்கும் இருக்கும் தூண்களுக்குள் அடிக்கவே கூடாது.

முதலில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடித்துப் பழகுங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி படிகிறதா என்று பாருங்கள். குழாயில் நாசிலுக்கு ஒரு சாண் முன்னால் கலர் டேப் சுற்றிவைத்தால் பின்னால் உதவும்.

ரன்னிங் போர்டின் ரப்பர் மூடியைக் கழற்றி, குழாயைக் கடைசிவரை தள்ளுங்கள். விசையை அழுத்தியபடி, ஒரே சீராக, மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். டேப் வெளியே தெரிந்ததும் விசையை விடுங்கள், இல்லாவிட்டால் மெழுகு உங்கள் முகத்தில்தான் அடிக்கும். அடுத்த துளையில் புகைபோல் தூறல் வந்தால் மெழுகு அதுவரை போயிருக்கிறது. கீழ்த்துளையில் சொட்டினால் மடிப்பிலும் இறங்கிவிட்டது. சொட்டவே இல்லையென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு முறை அடியுங்கள்.

கதவுக்கு அடிக்கும்போது கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றிவிடுங்கள். ஸ்பீக்கரையும் மோட்டாரையும் மூடுங்கள். அடிமடிப்புதான் முக்கியம். பானட், டிக்கி விளிம்புகளுக்கும் இதே முறைதான். கடைசியில் அடிப்பாகத்துக்குக் கெட்டி மெழுகு, மெல்லிசாக இரண்டு கோட்டு. ஒரே கோட்டில் தடிமனாக அடித்தால் வழிந்து ஒழுகும்.

துளைகளை மறக்காதீர்கள்

முதல் முறை நான் இதைக் கவனிக்கவில்லை. கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மெழுகு அடைத்துக்கொண்டது. அடுத்த மழையில் வண்டி திரும்பும்போதெல்லாம் கதவுக்குள் தண்ணீர் சளசளத்தது. துருவைத் தடுக்க அடித்த மெழுகே தண்ணீரைத் தேக்கிவைத்தது மனசை உறுத்தியது. இப்போது சொட்டுவது நின்றதும் ஒவ்வொரு துளையிலும் சைக்கிள் ஸ்போக்கை விட்டு எடுத்துவிடுகிறேன்.

ஒரு நாள் முழுக்க வண்டியை நிழலில் நிறுத்துங்கள், கீழே பழைய சாக்கு விரித்துவையுங்கள். கன்னையும் குழாயையும் அன்றே டர்பன்டைனால் கழுவிவிடுங்கள். மறைப்புகளை எடுத்த பிறகு ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி, பிரேக்கைப் பலமுறை பிடித்துப் பாருங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை, இடவப்பாதிக்கு முன்னால், மூடிகளைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மெழுகு விட்டுப்போன இடத்துக்கு மட்டும் மறுபடி அடித்தால் போதும். மீன் வண்டிகளை ஐப்பசி மழைக்கு முன்னாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.