கணக்கு வகுப்பில் தேடிக் கற்றல்: எங்கே சறுக்குகிறோம்?

மாணவர்களே செய்துபார்த்து விடையைக் கண்டுபிடிப்பதுதான் தேடிக் கற்றல். அப்படித்தான் வளையல், டப்பா மூடி, சைக்கிள் டயர் எல்லாவற்றையும் நூலால் சுற்றி அளந்து, சுற்றளவை விட்டத்தால் வகுக்கச் சொன்னேன். ஏழாம் வகுப்பு. ஒரு குழுவுக்கு மட்டும் எல்லாப் பொருளுக்கும் கச்சிதமாக 3.14 வந்தது. நோட்டைப் பார்த்தால், விட்டத்தை 3.14ஆல் பெருக்கிச் சுற்றளவு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நூற்கண்டைப் பிரிக்கவே இல்லை. அவர்களைத் திட்டி என்ன பயன்? பாடம் தொடங்கும்போதே 'பை = 3.14' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டது நான்தானே!

விடையைச் சொல்லிவிட்டுத் தேடச் சொல்வதுதான் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. அன்றே இரண்டாவதையும் செய்தேன். 3.3 என்று வந்தவர்களிடம் "தப்பு, திரும்ப அள" என்றேன். பிறகுதான் கவனித்தேன்: வளையலை வெளிப்புறம் சுற்றி 19.8 செ.மீ. எடுத்தவர்கள், விட்டத்தை உள்பக்கம் அளந்து 6 செ.மீ. என்று போட்டிருந்தார்கள். "எப்படி அளந்தே, காட்டு" என்று கேட்டிருந்தால் அன்றைய பாடமே அதில் கிடைத்திருக்கும்.

இதற்கு நேரெதிர் தவறும் உண்டு. "நீங்களே கண்டுபிடிங்க" என்று விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வது. புதிதாகக் கற்பவர்களுக்கு வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் பலன் தராது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் வாதிட்டார்கள். முழுக்க ஏற்காவிட்டாலும் எனக்கு அதில் ஒரு பாடம் உண்டு. விட்டம் என்ற பெயரையோ, ஒரு சுற்றுக்கு 360 பாகை என்பதையோ யாரும் தேடிக் கண்டடைய முடியாது. சொல்லிவிட வேண்டியதுதான்.

கேள்வி கேட்டுவிட்டு நாமே பதில் சொல்வது இன்னொன்று. ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், 3 விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டார். வகுப்பில் நின்று பார்த்தால் அந்த 3 விநாடி யுகமாகத்தான் இருக்கும்.

கேள்வியிலும் பல விடைகளுக்கு இடம் வேண்டும். 24 செ.மீ. கயிற்றை முடிந்து செவ்வகம் செய்யச் சொல்லுங்கள். கயிறு ஒன்றுதானே, பரப்பும் ஒன்றுதான் என்று பாதி வகுப்பு சாதிக்கும். 11க்கு 1 வைத்தால் 11 சதுர செ.மீ., 6க்கு 6 வைத்தால் 36. உடனே "சதுரம் எப்படி செவ்வகமாகும்?" என்று சண்டை வரும். வரட்டும்.

கடைசியாக, நாலைந்து உதாரணம் ஒத்துவந்ததும் விதி என்று எழுதி முடிப்பது. வட்டத்தின்மேல் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் நேர்கோட்டால் இணைத்து, வட்டத்துக்குள் பிரியும் பகுதிகளை எண்ணச் சொல்லுங்கள். 2 புள்ளிக்கு 2, பிறகு 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு 32 என்று வகுப்பே கத்தும். வருவது அதிகபட்சம் 31. சம இடைவெளியில் வைத்தவர்களுக்கு 30தான். "டீச்சர், எங்கயோ ஒண்ணு விட்டுட்டோம்" என்று பென்சிலால் புள்ளி வைத்து வைத்து, மறுபடியும் எண்ணுவார்கள்.