இஸ்லாமியவியல் மேற்படிப்புக்கு நிதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பக் காலம் நெருங்கும்போது, இஸ்லாத்தையும் முஸ்லிம் சமூகங்களையும் பற்றி மேற்படிப்பு படிக்க விரும்பும் இளைஞர்கள் தங்கள் ஆய்வு முன்மொழிவுகளை எனக்கு அனுப்புகிறார்கள். நல்ல கேள்விகள், உழைப்பு தெரியும் பக்கங்கள். ஆனால் பணம் பற்றிய பகுதிக்கு வந்ததும், என் தலைமுறையினர் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுகிறார்கள். எழுத்துப் பிழை, விடுபட்ட கையொப்பம், தவறவிட்ட தேதி ஆகியவற்றைப் பற்றி யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தத் துறைக்கே உரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பெயரைப் பார்த்து நிதி தேடுவது

‘இஸ்லாமிய’ என்ற சொல் பெயரில் இருந்தால் இஸ்லாமிய ஆய்வுக்குப் பணம் தருவார்கள் என்று நம்பிப் பலர் முதலில் போய் நிற்கும் இடம் இஸ்லாமிய வளர்ச்சி வங்கி. ஜித்தாவில் தலைமையகம் கொண்ட அந்த வங்கி, உறுப்பினரல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்கு 1983இல் உதவத் தொடங்கியது. ஆனால் அந்தத் திட்டம் வளர்ந்தது மருத்துவம், பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளை மனத்தில் வைத்து. ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியலின் வரலாற்றில் முனைவர் பட்டம் செய்ய நினைப்பவர் அங்கே படிவம் நிரப்பி வாரங்களை இழக்கிறார்.

மறுபக்கம் பாருங்கள். வென்னர்-கிரென் அறக்கட்டளையின் பெயரில் இஸ்லாம் இல்லை. ஆனால் மானுடவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும் களப்பணிக்கு 25,000 டாலர் வரை அங்கே கேட்கலாம். ஒரு தர்காவின் கந்தூரியைப் பற்றியோ, வளைகுடாவில் வேலை செய்யும் பெண்களின் தொழுகை வாழ்க்கையைப் பற்றியோ எழுதுபவருக்கு அது பொருத்தமான வாசல். கல்விக் கட்டணத்தை மட்டும் அவர்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. கலையும் கட்டடக்கலையும் உங்கள் துறை என்றால், 1987இல் தொடங்கப்பட்ட பரக்கத் அறக்கட்டளை இருக்கிறது, ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் 1979 முதல் இயங்கும் ஆகா கான் இஸ்லாமியக் கட்டடக்கலைத் திட்டம் இருக்கிறது.

உங்கள் ஆய்வு வரலாறா, மானுடவியலா, சட்டமா, கலையா, இறையியலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பணம் பெரும்பாலும் அந்தத் துறைகளின் பெயரில்தான் இருக்கிறது.

தகுதி விதியை மேலோட்டமாகப் படிப்பது

முஸ்லிம் மாணவர்களுக்கான உதவித்தொகை ஒன்று. இஸ்லாத்தை ஆய்வு செய்யும் எவருக்கும் உரிய உதவித்தொகை இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு, தங்களுக்குத் திறந்திருந்த கதவைத் தட்டாமலே போனவர்கள் ஏராளம்.

கடனை நன்கொடை என்று நினைப்பது

ஆகா கான் அறக்கட்டளையின் சர்வதேச உதவித்தொகை நெடுங்காலமாகப் பாதி நன்கொடை, பாதி கடன் என்ற அடிப்படையில் இயங்கி வந்தது. இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் மாணவருக்குக் கொடுப்பதை வட்டியில்லாக் கடனாகவே வைத்திருந்தது. திருப்பிச் செலுத்தும் தொகை அந்த மாணவரின் சமூகத்தைச் சேர்ந்த அடுத்த மாணவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டும் நியாயமான முறைகள்தான். ஆனால் மானுடப் பண்பாட்டுத் துறைகளில் பட்டம் பெற்று நிலையான வேலை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆகலாம். தவணை அதற்குள் தொடங்கிவிடுமா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

மொழிக்கு ஆண்டு ஒதுக்காத நிதித் திட்டம்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றத் தவறுகளால் ஓராண்டு போகும். இதனால் பட்டமே போகும். இத்தனை காலம் கழித்தும் இதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. மாணவர்மீது அல்ல, தெரிந்திருந்தும் அவரிடம் முன்கூட்டியே சொல்லாத நெறியாளர்கள்மீது.

‘தேவையான அரபு மொழித் திறனை ஆய்வுக் காலத்தில் வளர்த்துக்கொள்வேன்.’ முன்மொழிவுகளில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. எழுதுபவருக்கு அது அடக்கமான வாக்குறுதி. தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருப்பவருக்கோ அது கணக்குப் பிழை. பிரிட்டனில் முனைவர் பட்ட உதவித்தொகை பெரும்பாலும் மூன்று முதல் நான்கு ஆண்டுகள். ஜெர்மனியில் பொதுவாக மூன்று. மொழியே தெரியாமல் தொடங்குபவருக்கு முதல் ஆண்டு இலக்கணத்தில் போகும், இரண்டாம் ஆண்டில் செய்தித்தாள் வாசிக்க வரும், மூன்றாம் ஆண்டில் மூல ஆவணத்தைத் திறப்பதற்குள் உதவித்தொகை நின்றுவிடும்.

மொழி தெரிந்தவர்களும் தப்புவதில்லை. எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர் உஸ்மானியர் (ஒட்டோமான் பேரரசு) காலத்து வக்ஃபுச் சொத்துகளை, அதாவது அறப்பணிக்கென எழுதி வைக்கப்பட்ட சொத்துகளை, ஆராய மூன்றாண்டு உதவித்தொகை பெற்றிருந்தார். நவீன அரபு அவருக்குச் சரளம். செய்தி கேட்பார், கட்டுரை எழுதுவார். காழி (இஸ்லாமிய நீதிபதி) நீதிமன்றப் பதிவேட்டின் ஒரு பக்க நகலை மேசையில் விரித்து இருவரும் உட்கார்ந்தோம். எழுத்தர் பாதிப் புள்ளிகளை இடவே இல்லை. புள்ளி இல்லாவிட்டால் பா, தா, ஸா என்ற மூன்று அரபு எழுத்துகளும் ஒரே வளைவுதான். அவசரத்தில் ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலையோடு சேர்த்து இழுத்திருந்தார். காலை முழுவதும் முயன்று ஒரு வீட்டின் எல்லைகளை வாசித்தோம்: தெற்கே பொதுப்பாதை, கிழக்கே இன்னொருவரின் தோட்டம். அந்த வீட்டை வக்ஃபாக எழுதி வைத்தவரின் பெயர் மதியம் வரை பிடிபடவில்லை.

அடுத்து வக்ஃபின் வரவுசெலவுக் கணக்குகள். அவை சியாகத் என்ற எழுத்துமுறையில் இருந்தன. கருவூலக் கணக்கர்களின் எழுத்து அது. புள்ளிகள் கிடையாது, எண்கள்கூட அரபு எண்ணுச் சொற்களின் சுருக்க வடிவங்கள். அதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். உஸ்மானியத் துருக்கியும் வேண்டும். அவருடைய நிதித் திட்டத்தில் விமான டிக்கெட்டுக்கு இடம் இருந்தது, ஒளிநகலுக்கு இடம் இருந்தது. இந்தப் பயிற்சிக்கு ஒரு மாதம்கூட இல்லை. மூன்றாம் ஆண்டு முடிவில் பணம் நின்றது. அச்சில் வந்த நூல்களை மட்டும் வைத்துத் தலைப்பைச் சுருக்கிக்கொண்டு, பகல் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதினார். அவரிடம் இருந்த அறிவுக்கு அந்த ஆய்வேடு ஈடாகவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

எனவே கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். நீங்கள் கடைசியில் படிக்கப்போகும் ஆவணம் எது? அது எந்த மொழியில், எந்தக் கையெழுத்தில் இருக்கிறது? பாரசீகம் என்றால் அச்செழுத்தா, சிக்கலான ஷிகஸ்தா எழுத்தா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தால்தான் எத்தனை ஆண்டுப் பணம் வேண்டும் என்று தெரியும். நெறியாளரிடம் கேட்டு ஒரு மாதிரிப் பக்கத்தை வாங்கி, விண்ணப்பிக்கும் முன்பே வாசித்துப் பாருங்கள்.

பிறகு மொழிக்குத் தனியாகப் பணம் தேடுங்கள். துருக்கிய அரசின் ‘துர்க்கியே புர்ஸ்லாரி’ உதவித்தொகையில் கட்டணம், மாதப்படி, தங்குமிடம் ஆகியவற்றோடு ஓராண்டு துருக்கிய மொழிப் படிப்பும் சேர்ந்து வருகிறது. ஆனால் அங்கே கற்பது இன்றைய துருக்கி. 1928இல் எழுத்து மாறியது. அதற்கு முந்தைய ஆவணங்கள் அரபு எழுத்தில் இருக்கின்றன. உஸ்மானியத் துருக்கியை அதற்குமேல் கற்க வேண்டும். அடிப்படையே இல்லாதவர்கள், ஐந்தாண்டு நிதி உறுதி தரும் வட அமெரிக்க முனைவர் திட்டங்களை முதலில் பார்ப்பது நல்லது. அங்கே தொடக்க ஆண்டுகள் வகுப்புகளுக்கு உரியவை, மொழி வகுப்பும் அதில் அடங்கும்.

இன்னொரு வழி பலர் கண்ணில் படுவதே இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியிலிருந்து தொடங்குங்கள். உருது, ஜாவி எழுத்தில் மலாய், அஜமி எழுத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஹவுசா, அரபுத்தமிழ், அரபு மலையாளம் என்று அரபு எழுத்துவகைகளில் முஸ்லிம் சமூகங்கள் எழுதி வைத்தது கடலளவு இருக்க, அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆய்வாளர்கள் மிகக் குறைவு. தேர்வுக்குழுவில் அந்தத் திறனுக்கு மதிப்பு உண்டு.

மதரஸாவில் ஏழெட்டு ஆண்டுகள் ஓதிய மாணவர்கள் அந்தப் படிப்பை ‘சமயக் கல்வி’ என்று ஒற்றை வரியில் ஒதுக்கிவிடுவதும் இதே தவறின் மறுபுறம். இலக்கணத்தில் எந்தப் பாடநூல், ஃபிக்ஹில் எது, ஹதீஸில் எது என்று எழுதுங்கள். ‘அரபு: நன்று’ என்பதற்குப் பொருளே இல்லை. எந்த நூலை, அகராதியோடு வாசித்தீர்களா, இல்லாமல் வாசித்தீர்களா என்பதுதான் படிப்பவருக்கு வேண்டும்.

‘தவறான எண்ணங்களைப் போக்குவேன்’

இஸ்லாத்தைப் பற்றி உலகில் நிலவும் தவறான எண்ணங்களைப் போக்குவதே என் ஆய்வின் நோக்கம் என்று தொடங்கும் முன்மொழிவுகளுக்குக் குறைவே இல்லை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் ஆய்வு நிதி கேள்விக்குத் தரப்படுகிறது. விடையை முன்பே கையில் வைத்திருப்பவருக்கு நிதி எதற்கு என்று குழு கேட்கும். உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றை முதல் பத்தியில் வையுங்கள்.

ஒரே ஆவணக்காப்பகத்தை நம்பியிருப்பது

கெய்ரோவில் உள்ள எகிப்தின் தேசிய ஆவணக்காப்பகத்தில் பணிபுரியப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கலாம், வராமலும் போகலாம். டமாஸ்கஸின் நீதிமன்றப் பதிவேடுகளை நம்பித் தொடங்கிய ஆய்வுகள், 2011இல் சிரியாவில் போர் மூண்ட பிறகு என்ன ஆயின என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இரண்டாவது இடம் ஒன்றை முன்மொழிவிலேயே எழுதுங்கள். மாலி நாட்டின் திம்புக்து நகரச் சுவடிகள் பல இன்று அமெரிக்காவின் ஹில் அருங்காட்சியகம் மற்றும் சுவடி நூலகம் வழியாக இணையத்தில் கிடைக்கின்றன. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டமும் பெரும் சேகரிப்பை மின்னுருவாக்கியிருக்கிறது. அனுமதி தாமதமானால் உதவித்தொகையை நிறுத்தி வைத்துப் பிறகு தொடர முடியுமா என்று நிதி தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஒரே கதவைத் தட்டுவது

முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழகமே பணம் தரும் இடங்கள் பல. முதுகலைக்கு அப்படி அல்ல. அமெரிக்காவில் முதுகலைக்கு உதவி தேடுபவர்கள், ஹார்வர்டு போன்ற இடங்களின் இறையியல் பள்ளிகளைத் தவறவிடுகிறார்கள். அங்கே இஸ்லாமும் பாடம், மாணவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பழைய தகவல்

பிரிட்டனின் ஆய்வு மன்ற உதவித்தொகைகள் வெளிநாட்டவருக்கு இல்லை என்று இன்னமும் சொல்கிறார்கள். 2021 முதல் ஒரு பகுதி அவர்களுக்கும் திறந்திருக்கிறது.

பணம் யாருடையது என்று கேட்காதது

அமெரிக்கக் குடிமக்களுக்கான போரன் உதவித்தொகையைப் பெறுபவர், படிப்புக்குப் பின் தேசியப் பாதுகாப்பு தொடர்பான அரசுப் பணியில் குறைந்தது ஓராண்டு சேவை செய்யக் கடமைப்படுகிறார். அந்தப் பணத்தில் ஓர் ஊரில் போய்த் தங்கி, மக்களின் வீட்டுக்குள் உட்கார்ந்து கேள்வி கேட்பவரிடம் ‘உங்களை அனுப்பியது யார்?’ என்று அவர்கள் கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அரசோ, அரச குடும்பமோ, தனி நன்கொடையாளரோ, எவருடைய பணமாக இருந்தாலும் அந்த ஊர் மக்களின் முகத்தைப் பார்த்து ஒளிக்காமல் சொல்ல முடிகிற பணத்தை மட்டும் வாங்குங்கள்.

பரிந்துரைக் கடிதம்

மூன்று கடிதங்களில் ஒன்று, உங்களோடு உட்கார்ந்து மூல நூலை வாசித்த ஆசிரியருடையதாக இருக்கட்டும்.