டிஎச்ஆர் டெஸ்டுக்கு ரத்தம் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்க லேப்ல புதுசா சேந்த பொண்ணு, எம்எல்டி, அதாவது லேப் டெக்னீஷியன் படிப்பு, முடிச்சு மூணு மாசம்தான் ஆகுது, ஒரு தெர்மோகோல் பெட்டிய தூக்கிட்டு வந்து "அக்கா, டிஎச்ஆர் சாம்பிள் வந்திருக்கு, ஜில்லுனு பத்திரமா அனுப்பிருக்காங்க"ன்னு நீட்டுச்சு. தொறந்து பாத்தா ரெண்டு ஐஸ் பேக்குக்கு நடுவுல ஒரே ஒரு ஊதா மூடி ட்யூப். கூட கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பாக்க நல்லாருக்கற ஒருத்தரோட ரத்தம், இல்ல. டிஎச்ஆர்ங்கறது நியூட்ரோஃபில், அதாவது கிருமிய முழுங்கற வெள்ளை அணு, அதுக்கு கிருமிய கொல்ற பெராக்சைட பண்ண முடியுதான்னு பாக்கற டெஸ்டு. எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா பல வருஷம் முன்னாடி நானே இதே மாதிரி ஒரு ட்யூப ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கேன், அதுக்கு ஒரு குடும்பம் என்ன பாடுபட்டுச்சுன்னும் கண்ணால பாத்திருக்கேன். அதான் எழுத உக்காந்துட்டேன்.

பேர மாத்தி எழுதறது, லேபிள் ஒட்ட மறக்கறது, இதெல்லாம் உங்க சீனியர் திட்டியே சொல்லிக் குடுத்திருப்பாங்க. விட்டுடறேன்.

ஆக்சிடன்ட் தனி, என்சைம் தனின்னு மனப்பாடம் பண்றது

வைவால கேட்டா பசங்க ரெண்டு லிஸ்ட் ஒப்பிப்பாங்க, ஆக்சிஜன வெச்சு கொல்றது ஒரு பக்கம், ஆக்சிஜன் இல்லாம கொல்றது ஒரு பக்கம். செல்லுக்குள்ள அப்படி கோடு எதுவும் கெடையாது. நியூட்ரோஃபில் கிருமிய முழுங்கினதும் ஒரு பைக்குள்ள போட்டு மூடிக்கும், அந்தப் பையோட சுவத்துலதான் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ்ங்கற என்சைம் ஒண்ணு சேரும். சும்மா இருக்கற நேரத்துல அதோட பாகங்கள் செல்லுக்குள்ள பிரிஞ்சு கெடக்கும், கூப்பிட்டாதான் கூடும். கூடினதும் ஆக்சிஜன புடிச்சு சூப்பராக்சைடா மாத்தும், அதுலேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும், அந்த பெராக்சைடையும் குளோரைடையும் மையலோபெராக்சிடேஸ், நாங்க எம்பிஓன்னு சொல்றது, ஹைப்போகுளோரஸ் அமிலமா ஆக்கும். வீட்டு சம்ப்ப கழுவிட்டு ப்ளீச்சிங் பவுடர் போடுறோமே, அது தண்ணில கரைஞ்சதும் வேலை செய்யறது இதே அமிலம்தான். இத உண்டாக்கற எம்பிஓவே ஒரு என்சைம்ங்கறத கவனிங்க. அதே பைக்குள்ள எலாஸ்டேஸ், கத்தெப்சின் ஜி, 1922ல ஃப்ளெமிங் சொன்ன லைசோசைம்னு மத்த என்சைம் எல்லாமும் வந்து கொட்டும். இதுல எதோட பங்கு பெருசுன்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் சண்டை ஓயல.

இன்னொண்ணு, செல் அந்த நேரத்துல ஆக்சிஜன நெறைய இழுக்குதுன்னு 1933லயே பாத்துட்டாங்க, ஆனா முழுங்கறதுக்கு சக்தி வேணும்ல அதுக்காகத்தான் இழுக்குதுன்னு ரொம்ப வருஷம் நெனச்சிட்டு இருந்தாங்க. சயனைடு போட்டாலும் அது நிக்கல, அப்போ மைட்டோகாண்ட்ரியா வேலை இல்லன்னு தெரிய 1950கள் முடிய வேண்டியிருந்துச்சு. இன்னிக்கும் விடைத்தாள்ல மைட்டோகாண்ட்ரியான்னு எழுதறவங்க இருக்காங்க.

கவுன்ட் நல்லாருந்தா செல்லும் நல்லாருக்குன்னு நெனைக்கறது

சிஜிடி, அதாவது க்ரானிக் க்ரானுலோமேட்டஸ் டிசீஸ், மேல சொன்ன ஆக்சிடேஸ் பொறவிலேயே வேலை செய்யாத நோய், அதுல நியூட்ரோஃபில் எண்ணிக்கை கொறையாது, இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போது ஏறியே இருக்கும். கிருமிய முழுங்கும், கொல்ல மட்டும் முடியாது. கொழந்தைக்கு கல்லீரல்ல சீழ்க்கட்டி, நுரையீரல்ல ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, பொறந்ததும் போட்ட பிசிஜி ஊசிக்கு அப்புறம் அக்குள்ல நெறி கட்டி ஒடைஞ்சு ஆறவே இல்ல, இப்படி இருந்தா சிபிசி, அதாவது ரத்த அணு கவுன்ட், ரிப்போர்ட்ட பாத்துட்டு நிம்மதியா இருந்துடாதீங்க.

ஐஸ்ல வெக்கறது, கன்ட்ரோல் இல்லாம அனுப்பறது

இதுக்காகத்தான் மொத்தத்தையும் எழுதறேன்.

நாம லேப்ல பண்ற பாதி டெஸ்டு ரத்தத்துல என்ன இருக்குன்னு அளக்கறது, அதுக்கு ஜில்லுனு வெச்சா நல்லதுன்னு ஒரு பழக்கம் கையில ஊறிடுது. டிஎச்ஆர் அப்படி இல்ல. உயிரோட இருக்கற செல்ல தூண்டிவிட்டு, பெராக்சைடு பண்ணுடான்னு வேலை வாங்கி, பண்ணுதான்னு பாக்கறது. டிஎச்ஆர்ங்கற சாயத்த செல் உள்ள எடுத்துக்கும், செல்ல தூண்டற பிஎம்ஏ போட்டு 37 டிகிரில வெச்சா நல்ல செல் அந்த சாயத்த ரோடமைனா மாத்தி பச்சையா ஒளிரும், செல்ல ஒவ்வொண்ணா ஓட விட்டு ஒளிய அளக்கற ஃப்ளோ சைட்டோமீட்டர் ஸ்க்ரீன்ல மலை மாதிரி நிக்கற பீக் அப்படியே வலது பக்கம் நகந்து போகும். சிஜிடியா இருந்தா பீக் இருந்த எடத்துலயே நிக்கும். அடிபட்ட, செத்துட்டு இருக்கற செல்லா இருந்தாலும் அது நகராது. ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நியூட்ரோஃபில் உடம்புக்கு வெளிய வந்துட்டா ரொம்ப நேரம் தாங்கற செல் இல்ல, குளுர்ல இன்னும் மோசம்.

அப்போ நான் வேலைக்கு சேந்து ஒரு வருஷம்கூட ஆகல. விழுப்புரம் பக்கத்துலேர்ந்து வந்திருந்தாங்க, ரெண்டு வயசு பையன், கல்லீரல்ல கட்டி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரத்தம் எடுத்தாங்க, அன்னிக்கு மெஷின் ஃப்ரீயா இல்ல, நான்தான் ஃபிரிட்ஜ்ல வெச்சேன். மறுநாள் மத்தியானம் ஓட்டினேன், பீக் அசையல, கூட ஓட்ட கன்ட்ரோல் இல்ல, தூண்டுதலுக்கு பதில் இல்லன்னு எழுதி அனுப்பிட்டேன். டாக்டர் அந்த ரிப்போர்ட்ட நம்பி குடும்பத்துகிட்ட சொல்லிட்டாரு. எலும்பு மஜ்ஜை மாத்தணுமான்னு பேச்சு போச்சு, அப்பா நெலத்த அடமானம் வெக்க ஊருக்கு கெளம்பிட்டாரு, அந்தம்மா மாசமா இருந்தாங்க, வயித்துல இருக்கறதுக்கும் இது வருமான்னு எங்க கவுன்ட்டர்ல வந்து கேட்டாங்க. ரிப்போர்ட்ட மஞ்சப்பைல நாலா மடிச்சு வெச்சிருந்தாங்க, மடிப்புல கிழிஞ்சே போயிருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு எங்க சீனியர் சந்தேகப்பட்டு புது சாம்பிள் எடுக்க சொன்னாரு, பச்சை மூடி ஹெப்பாரின் ட்யூப், பக்கத்துலயே ஒரு கன்ட்ரோல் ட்யூப், எடுத்த மூணு மணி நேரத்துல ஓட்டினோம். ரெண்டு பீக்கும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்த மாதிரி நகந்துச்சு. பையனுக்கு சிஜிடி இல்ல. அந்த மூணு வாரத்த யாரு அவங்களுக்கு திருப்பிக் குடுப்பா? இன்னிக்கும் ஐஸ் பேக்க பாத்தா எனக்கு கோவம் வருதுன்னா அதனாலதான்.

அதனால ஹெப்பாரின் ட்யூப்ல எடுங்க, ரூம் டெம்பரேச்சர்லயே வெங்க, அன்னிக்கே அனுப்புங்க, 24 மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. ரூம் டெம்பரேச்சர்ன்னா மே மாசத்து வெயில்ல கத்திபாரா ட்ராஃபிக்ல நிக்கற பைக்கோட டிக்கி இல்ல, அதுவும் செல்ல கொன்னுடும், வெறும் தெர்மோகோல் பெட்டில ஐஸ் இல்லாம வெச்சு கொண்டாங்க. கூடவே சொந்தமில்லாத, நல்லாருக்கற ஒருத்தர்கிட்ட அதே நேரத்துல, அதே மாதிரி ட்யூப்ல எடுத்து அதே பெட்டில வெங்க. அது அசையலன்னா கோளாறு பயணத்துல, கொழந்தைகிட்ட இல்லன்னு உடனே தெரிஞ்சிடும்.

அம்மாவையே கன்ட்ரோலா வெக்கறது

கூடாது. எக்ஸ் குரோமோசோம் வழி வர்ற வகைல அம்மா கேரியரா, அதாவது கோளாறான ஜீன சுமக்கறவங்களா, இருக்கலாம், அவங்களுக்கு ரெண்டு பீக் வரும், ஒண்ணு நகரும் ஒண்ணு நிக்கும். அவங்க ரத்தத்தையும் அனுப்புங்க, ரொம்ப உதவும், ஆனா தனி சாம்பிளா.

சாயத்த வெளிச்சத்துல வெக்கறது

ஃபாயில் சுத்துங்க.

பச்சையா சீழ் வந்தா சூடோமோனாஸ் பாக்டீரியாதான்னு அடிச்சு சொல்றது

எம்பிஓவே பச்சை நெறம். 1941ல பிரிச்சு எடுத்தப்போ அதுக்கு வெர்டோபெராக்சிடேஸ்னுதான் பேர் வெச்சாங்க. கல்ச்சர் வரட்டும்.

பீக் கொஞ்சமா நகந்தா என்னவோன்னு விடறது

ஆக்சிடேஸோட பி47 பாகம் இல்லாதவங்களுக்கு பீக் சுத்தமா நிக்காது, அரைகுறையா நகரும். எம்பிஓ கொறைவா இருக்கறவங்களுக்கும் டிஎச்ஆர் கொறைச்சு காட்டும், ஏன்னா அந்த சாயம் மாற பெராக்சிடேஸும் வேணும், ஆனா அவங்கள்ல பெரும்பாலானவங்க ஒரு தொந்தரவும் இல்லாம இருப்பாங்க. ரெண்டையும் பிரிக்கணும்னா பழைய என்பிடி ஸ்லைட போடுங்க, அது சூப்பராக்சைட நேரா பாக்கறது. எம்பிஓ மட்டும் கொறைஞ்சவங்க செல்லுல மஞ்ச சாயம் கருநீலமா மாறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுக்கறது

எடுக்காதீங்க, திங்கக்கிழமை காலைல எடுங்க. கொழந்தைக்கு முடியல, காத்திருக்க முடியாதுன்னா எடுக்கறதுக்கு முன்னாடியே லேபுக்கு போன் பண்ணி சொல்லுங்க, ராத்திரி ஆனாலும் ஓட்டிட்டுதான் வீட்டுக்கு போவோம்.