டாசன் சிட்டிக்கு ஆற்றுவழியே: கிளோண்டைக்கில் முதல் கேனோ பயணம்

கனடாவின் யூக்கான் பிரதேசத்தில் இருக்கும் டாசன் சிட்டிக்கு இன்று பெரும்பாலானவர்கள் காரில்தான் போகிறார்கள். 1896 ஆகஸ்டில் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்த செய்தி வெளியே தெரிந்ததும், 1898க்குள் சுமார் 30,000 பேர் குவிந்த ஊர் இது. அவர்களில் பெரும்பாலோர் படகில் வந்து இறங்கியவர்கள். அந்தப் பழைய யூக்கான் ஆற்றுப் பாதையில், வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை, இன்றும் துடுப்புப் போட்டுப் போகலாம். ஆனால் 700 கி.மீ.க்கு மேல் தூரம், ஒரு வாரத்துக்கு மேல் கூடார வாழ்க்கை. முதல் தடவைக்கு அது வேண்டாம். டாசனில் யூக்கானோடு வந்து சேரும் கிளோண்டைக் ஆற்றில், ராக் கிரீக் என்ற இடத்துப் பக்கம் இறங்கி, டாசனில் கரையேறும் அரை நாள் பயணமே போதும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

1. எங்கே முடிப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள்

கிளோண்டைக்கின் ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுத் திரும்ப முடியாது. அதனால் உங்கள் கார் டாசனில் நிற்கட்டும். படகோடு நீங்கள் ஆற்றின் மேல்பகுதிக்குப் போங்கள். ஊரில் கேனோ (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான படகு) வாடகைக்குத் தருபவர்களிடம் கேட்டால், கொண்டுபோய் விடும் ஏற்பாட்டையும் பேசிக்கொள்ளலாம். இந்த வாரம் எந்த இடத்தில் ஆற்றில் இறங்குவது நல்லது, எங்கே மரம் விழுந்து கிடக்கிறது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். இந்த ஆறு வருடத்துக்கு வருடம் தடம் மாறும். போன வருட வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள்.

ஜூனில் பனி உருகி வரும் வெள்ளம் வேகமாக இருக்கும். புதியவர்களுக்கு ஜூலைதான் என் தேர்வு.

2. படகில் என்ன இருக்க வேண்டும்

கனடாவின் சட்டப்படி கேனோவில் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், 15 மீட்டருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, தண்ணீரை இறைக்க ஒரு பாத்திரம் அல்லது பம்ப், ஒரு விசில் இருக்க வேண்டும். ஜாக்கெட் படகில் கிடந்தால் பிரயோஜனமில்லை, உடம்பில் இருக்க வேண்டும். கோடையிலும் தண்ணீர் நடுக்கும் குளிர்ச்சி. பருத்தி ஆடை நனைந்தால் உடம்புச் சூட்டைப் பிடுங்கிவிடும். கம்பளியோ செயற்கை நூலோ போடுங்கள். மாற்றுடை ஒன்று தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். கரடியை விரட்டும் ஸ்ப்ரேயைப் பைக்குள் திணிக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

3. வளைவுகள்

நேர் ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை: முன்னால் இருப்பவர் வேகம் கொடுப்பார், பின்னால் இருப்பவர் திசை பார்ப்பார். கவனம் வேண்டியது வளைவுகளில்தான்.

வளைவின் வெளிக்கரையில் தண்ணீர் ஆழமாகவும் வேகமாகவும் ஓடி மண்ணை அரிக்கும். வேர் தளர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்கள் அங்கே ஆற்றின் மேல் சாய்ந்து நிற்கும். இவற்றை ஸ்வீப்பர் என்பார்கள். உள்கரையில் கூழாங்கல் திட்டு, தண்ணீர் குறைவு. ஓட்டம் உங்களை வெளிக்கரைக்கே இழுக்கும். ஆகவே வளைவு கண்ணில் பட்டதுமே படகின் முனையை உள்கரைப் பக்கம் கொஞ்சம் திருப்பி, விடாமல் துடுப்புப் போடுங்கள். நடுவிலிருந்து சற்று உள்ளே தள்ளிய தடம்தான் சரியான தடம். வளைவுக்குள் போனபின் திருப்பப் பார்த்தால் நேரம் போதாது.

அப்படியும் மரத்தருகே போய்விட்டால் கிளையைக் கையால் பிடிக்காதீர்கள். நீங்கள் நிற்பீர்கள், படகு நிற்காது. அந்த இழுபறியில்தான் கவிழும். பக்கவாட்டில் மரத்தில் மோதினால், பயத்தில் மேலோட்டப் பக்கம் (தண்ணீர் வரும் பக்கம்) சாயாமல், மரத்தை நோக்கியே சாயுங்கள். கவிழ்ந்துவிட்டால் மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டி மிதந்து கரைக்கு ஒதுங்குங்கள். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்த்தால் பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும்.

4. வழியில் பார்க்க

ஊரை நெருங்கும்போது பள்ளத்தாக்கில் கூழாங்கல் மேடுகள் வரிசை வரிசையாக வளைந்து கிடக்கும். மிதக்கும் டிரெட்ஜ் இயந்திரங்கள் அடிமண்ணை வாளிகளால் அள்ளி, தங்கத்தைப் பிரித்துவிட்டு, கல்லைப் பின்னால் துப்பிய தடம் அது. மேடுகளில் இன்னும் மரம் சரியாக முளைக்கவில்லை.

அப்புறம் சங்கமம். தெளிந்த கிளோண்டைக், சாம்பல் நிற யூக்கானோடு சேரும் கோடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கோட்டைத் தாண்டினால் படகின் அடியில் சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி மெல்லிய ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம். தண்ணீரில் வரும் வண்டல் படகில் உரசுவதுதான் அது. இந்த முகத்துவாரம் டிரோன்டெக் ஹ்வெச்சின் என்ற பூர்வகுடி மக்களின் பழைய மீன்பிடி இடம். தங்க வேட்டை வந்தபோது அவர்கள் மூஸ்ஹைட் கிராமத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 2023இல் இந்தப் பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது, இந்த வரலாற்றையும் சேர்த்துத்தான்.

5. கரையேறுதல்

சங்கமத்தில் வலக்கரையை விடவே விடாதீர்கள். டாசன் வலப்பக்கம் உடனே வந்துவிடும், யூக்கானின் ஓட்டமும் பலமானது. இறங்கும் இடத்தைத் தூரத்திலேயே குறித்துக்கொண்டு, நெருங்கியதும் முனையை மேலோட்டப் பக்கம் திருப்பி, ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டபடி கரைக்கு நகருங்கள். முனையைக் கீழ்நோக்கி வைத்துக் கரையை முட்டினால் பின்பாகம் சுற்றிக்கொள்ளும்.

ஊரின் வடகோடியில் கார்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் ஃபெர்ரி குறுக்கே ஓடும். அதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். தவறவிட்டால் அடுத்தது சுமார் 5 கி.மீ. கீழே மூஸ்ஹைட், அங்கே சாலை கிடையாது.

6. மீதி நாளுக்கு

முன்தெருவில் 1922இல் கட்டிய எஸ்.எஸ். கெனோ என்ற துடுப்புச் சக்கரக் கப்பல் நிற்கிறது. மூன்றாம் அவென்யூவில் நிரந்தர உறைமண் இளகியதால் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த பழைய கட்டிடங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் அரை மணி நேரம் போதும். எனக்கு இவற்றைவிட அக்கரைதான் பிடிக்கும்: இலவச ஃபெர்ரியில் கடந்து, முகாம் மைதானத்தின் வழியே ஆற்றோரமாகக் கீழ்நோக்கி நடந்தால், கைவிடப்பட்ட நீராவிக் கப்பல்கள் மரங்களுக்கிடையே நொறுங்கிக் கிடக்கும். ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தால் இந்த நடை சரிவராது. ஆணி துருத்தும் பலகைகள் நிறைய, ஏறாதீர்கள்.

மறுநாள் கார் இருந்தால் போனான்சா ஓடைச் சாலை. எட்டு மாடி உயரமுள்ள டிரெட்ஜ் எண் 4 அங்கே இருக்கிறது. 1959 வரை வேலை செய்தது. அதே சாலையில் இன்னும் மேலே, 6ஆம் எண் கிளெய்மில் (தங்கம் தோண்ட அளந்து ஒதுக்கிய நிலத்தில்) யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தங்கம் அலசலாம், கிடைத்ததை வைத்துக்கொள்ளலாம். அலசும் தட்டை மட்டும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.