ஜப்பானிய நண்பர்களோடு காமகுராவில் ஒரு சனிக்கிழமை

டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் உடன் பணிபுரியும் ஜப்பானியர் யாரேனும், அருகிலுள்ள பழைய கோயில் நகரான காமகுராவுக்கு அழைக்கக்கூடும். "என்றைக்காவது போகலாம்" என்பது அங்கே மரியாதைக்குச் சொல்லும் சொல்லாகவும் இருக்கும். நாளும் நேரமும் குறித்துக் கேட்டால் அது மெய்யான அழைப்பு, தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொண்ட அன்றே சொல்லிவிட வேண்டியது உணவைப் பற்றி. "நான் சைவம்" என்றால் இறைச்சியை மட்டும் விலக்கினால் போதும் என்று பலர் எண்ணிக்கொள்வார்கள். மிசோ சூப்பிலும் சோபா நூடுல்ஸின் சாற்றிலும் பெரும்பாலும், காய்ந்த சூரைமீனைச் சீவி வெந்நீரில் இட்டு வடித்த 'தாஷி' கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எதை உண்பீர்கள், எதை உண்ணமாட்டீர்கள் என்று ஜப்பானிய மொழியில் நான்கு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். உணவகத்தில் அமர்ந்த பிறகு சொன்னால், அழைத்தவர் அதைத் தம்முடைய கவனக்குறைவாக எடுத்துக்கொண்டு மாலைவரை வருந்துவார். பௌத்த மடங்களின் மரபில் மீனும் இறைச்சியும் இல்லாமல் சமைக்கும் 'ஷோஜின்' உணவு காமகுராவில் கிடைக்கும்; அதை நீங்களே கேட்கலாம்.

பத்து மணி என்றால் ஐந்து நிமிடம் முன்னதாகவே நில்லுங்கள். டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா தடத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ரயில் அட்டையில் முந்தைய இரவே பணம் ஏற்றிவிடுங்கள். நுழைவுச்சீட்டுக்குச் சில்லறையும், குப்பை போட ஒரு சிறு பையும் வேண்டும், ஏனெனில் வழியில் குப்பைத்தொட்டி அரிது.

சுருகாவோகா ஹச்சிமாங்கு என்னும் ஷின்டோ மத ஆலயத்தில் அகப்பையால் நீர் மொண்டு முதலில் இடக்கையையும் பிறகு வலக்கையையும் கழுவி, இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளிப்பார்கள். இறுதியில் அகப்பையை நிமிர்த்தி, மிஞ்சிய நீர் காம்பின் வழியே வழியுமாறு விடுவார்கள். அடுத்து வருபவருக்காகப் பிடியைக் கழுவி வைக்கும் அந்தச் செயல் எனக்கு மிகவும் பிடித்தது. சன்னிதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, ஒருமுறை குனிய வேண்டும். புத்தர் கோயிலில் கைதட்டக் கூடாது. உங்கள் நம்பிக்கை இடம் தராவிட்டால் ஓரமாக அமைதியாக நிற்பதில் பிழையில்லை.

எனோடென் சிறு ரயிலில் மூன்றாவது நிறுத்தமான ஹாசேயில் இறங்கிச் சற்று நடந்தால் கோத்தோகு-இன் கோயில். 1252-இல் வார்க்கத் தொடங்கிய, 11 மீட்டருக்கும் மேல் உயரமான வெண்கல புத்தர் அங்கே திறந்தவெளியில் அமர்ந்திருக்கிறார். அதே வளாகத்தில் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. போருக்குப் பின் ஜப்பானுடன் அமைதி உடன்படிக்கை செய்ய 1951-இல் கூடிய சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் அன்றைய இலங்கையின் நிதியமைச்சராக இருந்த அவர், பகை பகையால் தணிவதில்லை என்ற புத்தர் மொழியைச் சொல்லி, ஜப்பானிடம் இழப்பீடு கேட்கப்போவதில்லை என்றார்; அந்த நன்றியின் அடையாளம் அது. நீங்கள் மகிழ்வீர்கள் என்று எண்ணியே நண்பர் அங்கே அழைத்துச் செல்வார். ஆனால் 1983-ஐ அறிந்த தமிழருக்கு அந்தப் பெயர் வேறொன்றை நினைவூட்டும். முதலில் நண்பருடைய நன்றியை முழுமையாகக் கேளுங்கள். பிறகு, அதே மனிதர் குடியரசுத் தலைவராக இருந்தபோதுதான் எங்கள் மக்கள் கொழும்பில் தாக்கப்பட்டார்கள் என்று குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். அதை மறைப்பதைவிட இதுவே நட்புக்கு நேர்மை என்று கருதுகிறேன்.

உணவுச் செலவைப் பெரும்பாலும் சமமாகப் பகிர்வார்கள். முழுவதையும் நீங்களே கொடுக்க முனைந்தால் அவர்கள் கடன்பட்டதாக உணர்வார்கள். திரும்புமுன் அலுவலகத்தாருக்கு ஒரு பெட்டி பலகாரம் வாங்குங்கள். புறா வடிவ பிஸ்கட் அந்த ஊரின் அடையாளம். அன்றிரவே நன்றி எழுதி, திங்கட்கிழமை நேரிலும் மறுபடி சொல்லுங்கள்.

அடுத்த அழைப்பு உங்களுடையதாக இருக்கட்டும். டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் தென்னிந்திய உணவகங்கள் உண்டு. அவர்களுக்கு எவ்வளவு காரம் தாங்கும் என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.