அக்கி வந்தால் முதல் மூன்று நாளை வீணாக்காதீர்கள்

விலாவில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், குத்தல். சட்டை உரசினாலே வலி. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, சில நாளில் அதே இடம் சிவந்து, நீர்க்கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகப் பட்டைபோல எழும்பும். பெரும்பாலும் உடலின் மறுபக்கத்துக்குப் போகாது. இதுதான் அக்கி.

உடல் சூட்டால் வருகிறது என்று நினைத்து இளநீரும் மோருமாகக் குடித்துக் காத்திருப்பவர்கள் நிறைய. உண்மையில் காரணம் சின்னம்மை வைரஸ். அம்மை இறங்கிய பிறகும் அது முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் ஒடுங்கிக் கிடக்கும். வயது ஏறும்போதோ, புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி தளரும்போதோ மீண்டும் பெருகி, ஒரு நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. ஒரு பக்கத்தோடு நிற்பதும் அதனால்தான்.

என் கணக்கில் பெரிய தவறு, அக்கி எழுதிவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பது. குயவர் வீட்டில் காவியைக் குழைத்து எழுதுவது தலைமுறைகளாக நடக்கிறது. பூசினால் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும், பெயர் காவிக்குப் போகிறது. நரம்பிலுள்ள வைரஸை அது தொடாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கவும் கூடும்.

வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தாண்டிவிட்டாலும் போய்க் காட்டுங்கள். புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் அப்போதும் தருவார்கள். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். இவ்வளவு அவசரம் ஏன் என்றால், புண் ஆறிய பிறகும் நரம்பு வலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம். வயதானவர்களைத்தான் இது அதிகம் வாட்டுகிறது.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். பார்வையே பாதிக்கப்படலாம்.

அக்கி வந்தவரிடமிருந்து அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். பொருக்கு தட்டும்வரை புண்ணை மூடி வைத்து, கர்ப்பிணிகளிடமிருந்தும் பச்சிளங்குழந்தைகளிடமிருந்தும் விலகியிருங்கள்.

அப்புறம் தடுப்பூசி. ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது என்று விட்டுவிடுகிறார்கள். மறுபடியும் வரலாம். ஷிங்ரிக்ஸ் ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு ஊசி, இடைவெளி இரண்டு முதல் ஆறு மாதம். ஆய்வுகளில் 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு தந்தது. விலை அதிகம்தான், ஆனாலும் வீட்டுப் பெரியவர்களுக்காக மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். அக்கி இருக்கும்போது போடக் கூடாது, ஆறிய பிறகுதான். முதல் ஊசிக்குப் பின் கைவலி, காய்ச்சல், அசதி இரண்டு மூன்று நாள் இருக்கலாம். அதற்குப் பயந்து இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.